நடு அளவுச் சப்பாத்து

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் கால்கள் நான்கு. சப்பாத்து ஒரு ஜோடி. இதில் ஏதோ குறை இருப்பதாக அம்மா ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்படி நினைத்தது வீட்டில் நான் ஒருத்திதான். நினைத்ததை மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர்ப் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. அக்கா அந்த வருடம்தான் ஆறாம் ஆண்டை முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போனாள். எனக்குக் காலைப் பள்ளி. அவளுக்கு மாலைப் பள்ளி. பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் இந்த விஷயம் தெரியவந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சப்பாத்து வாங்கக் கடைக்குக் கிளம்பும்போது அவள் அப்பாவிடம், "ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா நடக்கப் போறாளுங்க?" என்று கேட்டாள். அப்பாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்கு ஏழெட்டுப் பதில்கள் கிடைத்தன. யாரும் என்னைக் கேட்கவில்லை.

கடைக்காரச் சீனர் எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. அம்மா இரண்டையும் மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, "தெங்ஙா, தவுக்கே" என்று தனக்குத் தெரிந்த மலாயில், நடுவில் ஒன்று கொடு என்றாள். தவுக்கே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி நடு அளவு ஒன்றை எடுத்தார். வெள்ளைத் துணிச் சப்பாத்து, ரப்பர் அடி. அக்கா முதலில் போட்டுப் பார்த்து எழுந்து நின்றாள்.

"சரியா இருக்கா?" என்றாள் அம்மா.

"சரியா இருக்கு."

நான் போட்டு நடந்தபோது சப்பாத்து ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போயின. "எனக்கு ரொம்பப் பெருசு" என்று கடை அதிரச் சொன்னேன். நீ வளர்கிற பிள்ளைதானே என்று சொல்லி அம்மா மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். அந்தப் பை வெளியே வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

அதற்கு அம்மாவே வழியும் சொன்னாள். பழைய செய்தித்தாளை நாலாக மடித்து நுனியில் திணித்துக்கொண்டால் சப்பாத்து எனக்குச் சரியாகிவிடும். தினமும் காலையில் யாரோ ஒரு மந்திரியையும் ஏதோ ஒரு சினிமா விளம்பரத்தையும் கால்விரல்களால் மிதித்துக்கொண்டுதான் நான் வாய்ப்பாடு ஒப்பித்தேன். மத்தியானம் பள்ளி விட்டதும் எங்களை ஏற்றிவரும் டிராக்டர், பெரிய சாலைச் சந்திப்பில் நிற்கும். அக்கா அங்கே ஜப்பான் செருப்போடு காத்திருப்பாள். நான் சப்பாத்தைக் கொடுப்பேன், அவள் செருப்பைக் கொடுப்பாள். புத்தகப் பையும் அப்படியே கை மாறும். அவள் தாளை உருவி என்னிடம் திருப்பித் தருவாள். கசங்காமல் கொண்டுபோய் அடுப்போரம் காய வைத்து மறுநாளும் அதையே திணிக்க வேண்டும். செய்தித்தாளுக்கும் அம்மா ஆயுள் நிர்ணயித்திருந்தாள்.

அம்மாவின் சிக்கனத்தைப் பற்றி நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் கதைகள் உண்டு. பாதிக்கு மேல் உண்மை. தேய்ந்து தகடான சவர்க்காரத்தைப் புதுச் சவர்க்காரத்தின் முதுகில் அழுத்தி ஒட்டுவாள். பெட்டி போடக் கரி செலவாகும் என்பதால் எங்கள் சீருடைகளை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்து, அதன் மேல் புரளாமல் படுக்கச் சொல்வாள். நான் புரண்ட நாட்கள் என் பாவாடையில் தெரியும். ஜெராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் முதல் சுற்றில் மணியடிக்கும்போது வாசல் பக்கமே தலைகாட்ட மாட்டாள். மற்ற லயங்களெல்லாம் சுற்றி அவர் களைத்துத் திரும்பும்போதுதான், தற்செயலாக வெளியே வந்தவள்போல நிற்பாள். அப்பாவின் சிகரெட்டைக்கூடக் கத்தரிக்கோலால் பாதியாக நறுக்கி வைத்திருந்தாள். கொஞ்ச நாளில் அப்பா புகைப்பதையே விட்டுவிட்டார். அரை சிகரெட் பிடிக்கிறவனை மற்றவர்கள் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்.

இவ்வளவும் ஒரு கதவுக்காக. பட்டணத்துக்குப் பக்கத்தில் மலிவு வீடுகள் கட்டுகிறார்கள், முன்பணம் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. அம்மாவின் அப்பாவுக்கு வேலை முடிந்தபோது சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பமே லோரியில் ஏறியதை அவள் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். நம்மை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாத கதவு ஒன்று வேண்டும் என்று அடிக்கடி சொல்வாள். வீடு என்றுகூடச் சொல்ல மாட்டாள், கதவு என்றுதான் சொல்வாள். இப்போது எண்ணிப் பார்த்தால் அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இன்று என் அலுவலகத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் மதியம் என்ன சாப்பிடுவது என்று முடிவெடுக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கதவுக்கும் அக்காவின் படிப்புக்கும் நடுவில்தான் சிக்கல் வந்தது. பட்டணத்துப் பள்ளிக்கு மாதா மாதம் பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். எங்கே இறுக்கிப் பிடித்தாலும் இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிப் பணம் கொடுக்க ஓர் அதிகாரி பள்ளிக்கு வருகிறார், நேரில் பார்த்துப் பேசித்தான் தேர்ந்தெடுப்பார் என்று அக்கா ஒரு நாள் வந்து சொன்னாள். அம்மா மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமல், "கெடச்சா படி. இல்லாட்டி அடுத்த வருசம் என்கூட வேலைக்கு வா" என்றாள். அதில் கோபம் எதுவும் இல்லை. மீனுக்கு உப்புப் போடுகிற குரலில்தான் சொன்னாள். அக்கா தலையாட்டினாள். இரவு விளக்கு அணையும் நேரம்வரை மலாய்ப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எனக்கு அந்த மலாய் இன்னும் மனப்பாடம்.

அதிகாரி வரும் நாளுக்கு முந்தின மாலை, வாத்தியார் தூக்கிப்போட்ட வெண்கட்டித் துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அக்கா அவற்றை இடித்துத் தண்ணீரில் குழைத்துச் சப்பாத்துக்குப் பூசினாள். சப்பாத்து வெள்ளையாக இல்லாவிட்டால் பள்ளி வாசலிலேயே மாணவர் தலைவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலையில் நான் கிளம்பும்போது அவள் என் முன்னால் மண்டியிட்டு நாடாவைக் கட்டிவிட்டாள். அவள் என்னிடம் கெஞ்சியதை அன்றுதான் முதலில் பார்த்தேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓடாத லா. இடைவேளைல உக்காந்தே இரு."

உட்கார்ந்தே இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று முழுவதும் நான் தரையில் காலை வைத்தது இரண்டு தடவைதான். இடைவேளையில் மற்றவர்கள் ரப்பர் கயிறு தாண்டிக்கொண்டிருக்க, நான் பெஞ்சில் காலை நீட்டிக் கோயில் சிலை மாதிரி இருந்தேன். கடைசிப் பாடத்தின்போது மழை பிடித்துக்கொண்டது.

மழைக்கு அம்மாவின் சட்டம் ஒன்று இருந்தது. சப்பாத்து சிமெண்டில் நடக்கத்தான். சேற்றில் நடக்கக் கால் இருக்கிறது. மழை பெய்தால் சப்பாத்தைக் கழற்றி, இரண்டு நாடாக்களையும் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அன்று கழுத்தில் போட்டால் சாரலில் நனைந்து வெள்ளை கரைந்துவிடுமே என்று எனக்குக் கவலை வந்தது. டிராக்டர் ஓட்டும் மாமாவின் தலைக்கு மேல் ஒரு சின்னத் தகரக் கூரை உண்டு. அதன் கீழே இருந்த இரும்புக் கம்பியில் சப்பாத்தை மாட்டிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இடம். பின்னால் பெட்டியில் நின்றுகொண்டு வழி முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு அக்கறையை அதற்கு முன்பு நான் எதன் மேலும் காட்டியதில்லை.

சந்திப்பு வந்ததும் மழை வலுத்தது. பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குதித்து, பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழே ஓடினேன். அக்கா இரட்டைச் சடை போட்டு, பச்சையும் நீலமுமான சீருடையில், கையில் ஜப்பான் செருப்போடு நின்றாள். டிராக்டர் உறுமிக்கொண்டு உள் சாலையில் திரும்பியது.

"சப்பாத்து?" என்றாள்.

நான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

சேற்றில் டிராக்டரைத் துரத்திக்கொண்டு ஓடினேன். கத்தினேன். மழைச் சத்தத்தில் மாமாவுக்கு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் தோட்டத்தின் கடைசிக் காட்டுக்குப் போய்ச் செம்பனைக் குலை ஏற்றுவார், ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார், திரும்பி வர மாலையாகிவிடும். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. திரும்பி வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சாலையைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பிறகு லயத்தை நோக்கி வேகமாக நடக்க ஆரம்பித்தாள். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த வருடம் அவள் அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்கக் குனிந்து நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குக் காரணம் நான்தான். அவள் பின்னாலேயே ஓடினேன்.

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலைக்குப் போடுவது கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து. அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த வீடுகளில் இரவல் கேட்க வழியில்லை, மாலைப் பள்ளிக்குப் போகிற பெண்களெல்லாம் தங்கள் சப்பாத்தோடு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அம்மா கையிலிருந்த கறுப்புச் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து வாசலைப் பார்த்தாள். மறுவாரம் பெரிய துரை வருகிறார் என்று லயம் முழுவதற்கும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கு வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் போயிருந்தார்கள். சுண்ணாம்பு வாளி மட்டும் கூரைக்கடியில் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு வினாடிகூட வீணாகவில்லை. அம்மா சப்பாத்தைத் தேய்த்துக் கழுவித் துணியால் துடைத்தாள். சீருடைக்குப் போட எடுத்து வைத்திருந்த கஞ்சியில் சுண்ணாம்பைக் கலக்கினாள், வெறும் சுண்ணாம்பு ரப்பரில் நிற்காதாம். தேங்காய் மட்டையை நசுக்கித் தூரிகையாக்கிப் பூசினாள். அடுப்பு அனலில் காட்டினாள். மறுபடி பூசினாள். என் வாழ்க்கையில் நான் பார்த்த எத்தனையோ வித்தைகளில் அதுதான் முதலிடம். கறுப்புச் சப்பாத்து கண் முன்னால் வெள்ளையாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் கடையில் வாங்கியது என்றே சொல்லலாம். ரொம்பத் தூரத்திலிருந்து.

அம்மாவே அதை அக்காவின் காலில் மாட்டிவிட்டாள். கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தாள். மறுபடி முதல் காலுக்கு வந்தாள். நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

"காலை மடக்காம நட. மடக்கினா வெடிச்சிடும்" என்று அக்காவிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பினாள். மீதிச் சுண்ணாம்பை ஒரு பால் டின்னில் ஊற்றி, ஒரு துணிக் கிழிசலையும் அதில் செருகி என் கையில் கொடுத்தாள். "நீதானே தொலச்ச. நீயே கூடப் போ. எங்க உதிருதோ அங்க பூசு."

மழை விட்டிருந்தது. அக்கா காலை மடக்காமல் பொம்மை மாதிரி நடந்தாள். நான் டின்னோடு பின்னால் நடந்தேன். புத்தகப் பையையும் குடையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். பஸ்ஸின் படி உயரம், காலை மடக்காமல் ஏற முடியாது. ஏறினாள், நுனியில் ஒரு வெடிப்பு விழுந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே பஸ்ஸின் தரையில் விழுந்திருந்த வெள்ளைத் தடங்களைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார், என் டின்னைப் பார்த்தார். "என்னா பாப்பா, கோயிலுக்கா?" என்றார். பட்டணத்துக்கு என்று மிடுக்காகப் பதில் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சிரிக்கிறாள்.

பள்ளி வாசலில் நின்ற மாணவர் தலைவன் வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. அக்காவும் வெள்ளை. அவன் நிமிரக்கூட இல்லை. தங்கை, புத்தகம் தூக்கி வந்தவள் என்று சொல்லி அக்கா என்னையும் உள்ளே கூட்டிப் போனாள். அலுவலகத்துக்கு வெளியே ஒரு நீள பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அக்காவின் காலடியில் குந்தி, வெடித்த இடங்களில் சுண்ணாம்பைப் பூச ஆரம்பித்தேன். விரல் எரிந்தது. பக்கத்திலிருந்த ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கு அவன் முகத்தில் ஒரு கோடு இழுத்துவிடலாமா என்று வந்தது. அக்கா என் தலையைத் தொட்டு, "நீ பூசு, அவன ஏன் பாக்குற" என்றாள்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடிப் பலகை வைத்த ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளே மூக்குக் கண்ணாடி போட்ட மலாய்க்கார அம்மாள் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். கதவிலிருந்து மேசைவரை அக்கா நடந்த வழியெல்லாம் பளபளப்பான சிவப்புத் தரையில் வெள்ளைத் தடங்கள். முதல் தடத்தில் முழுப் பாதம். மேசைக்குப் பக்கத்துத் தடத்தில் குதிகால் மட்டும். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னாள். தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள், ஆனால் நிறுத்தவில்லை. சப்பாத்து, அம்மா, தங்கை, டிராக்டர், ஆலை என்று எனக்குத் தெரிந்த மலாய் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறாளே என்று எனக்குப் பதறியது. தங்கை என்று சொன்ன இடத்தில் கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். அந்த அம்மாள் திரும்பினார். நான் சட்டென்று குனிந்தேன். டின் கை நழுவி, டங் என்று சிமெண்டில் விழுந்து, நடைபாதை முழுவதும் உருண்டு, சிரித்த பையனின் காலடியில் போய் நின்றது. அவன் சப்பாத்து அன்று பள்ளியிலேயே மிக வெள்ளையான சப்பாத்தாகிவிட்டது.

நடைபாதையைத் துடைத்து முடித்த பிறகு அக்கா வகுப்புக்குப் போனாள். பள்ளி விடும்வரை நான் உணவுக்கூடத்துக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இடைவேளையில் அவள் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, இலையை இரண்டாகக் கிழித்துச் சோற்றைப் பிரித்தாள். சுண்ணாம்பு முக்கால்வாசி உதிர்ந்து சப்பாத்து புள்ளிப் பூனை மாதிரி இருந்தது. என்னால் சோற்றை விழுங்க முடியவில்லை. என்னாலதானே, என்னாலதானே என்று அழுதேன். அக்கா என்னைச் சமாதானப்படுத்த ஏதேதோ சொன்னாள். அந்த அம்மாள் நல்லவர் என்றாள். மலாய் தானாகவே வாயில் வந்தது என்றாள். பிறகு சப்பாத்துக்குள் விரல்களை அசைத்துக் காட்டி, "இந்தச் சப்பாத்து ரொம்ப சுகமா இருந்துச்சு தெரியுமா" என்றாள்.

"பொய் சொல்ற."

"உண்மதான் லா."

என் மனம் நோகக் கூடாது என்று இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறாளே என்று நினைத்தேன். தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர்ச் சப்பாத்து, அதன் மேல் கஞ்சியும் சுண்ணாம்பும். அதில் என்ன சுகம்? இவ்வளவு நல்லவளுக்குத் தங்கையாக நான் வந்து வாய்த்தேனே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்ட அலுவலகக் கிராணி அதை வாசித்துச் சொன்னார். அக்காவுக்கு உதவிப் பணம் கிடைத்திருந்தது. அம்மா கடிதத்தை வாங்கி மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே, ஆண்டு முடிய நான்கு மாதம் இருக்கும்போதே, அக்காவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தாள். எங்கள் லயமே ஆச்சரியப்பட்டது. அதுவும் பழையதைவிட இரண்டு அளவு பெரியது. அம்மா வழக்கம்போல, வளர்கிற பிள்ளை என்று பெரிதாக வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பழையது எனக்கே எனக்கு என்று ஆனது. அதிலும் எனக்கு மனக்குறைதான். அக்காவுக்குப் புதுசு, எனக்கு அக்கா போட்டுக் கழித்தது என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவும் வந்தது. மூன்று வருடம் பிடித்தது. பச்சை வண்ணம் அடித்த, இரண்டு தாழ்ப்பாள் போட்ட மரக்கதவு. அம்மா முதல் நாள் அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா படித்து ஆசிரியையானாள். இன்றும் அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள்.

போன தீபாவளிக்கு அவள் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அவள் பாதம் என் கண்ணில் பட்டது. இரண்டு காலிலும் சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் மடிந்து போயிருந்தது. இத்தனை வருடம் நான் கவனித்ததில்லை. என்ன இது என்று கேட்டேன். அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே காலைப் பார்த்தாள். "இதுவா? அந்த வருசம் ஒன் சப்பாத்தப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்ல" என்றாள்.

என் சப்பாத்து. நான் அதை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அது அக்காவின் சப்பாத்து, தாள் வைத்து நான் இரவல் போட்டுக்கொண்டது. நடு அளவு என்றால் ஒரு பக்கம் பெரிது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இன்னொரு பக்கம் என்னவாக இருந்திருக்கும் என்று முப்பத்தைந்து வருடங்களாக யோசிக்கவே இல்லை. அக்கா அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அந்த நாளின் மாலை இப்போது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. நாங்கள் பட்டணத்திலிருந்து திரும்பியபோது டிராக்டர் மாமா சப்பாத்தைக் கொண்டுவந்து எங்கள் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். ஒரு நாடாவில் மட்டும் கொஞ்சம் எண்ணெய்க் கறை. மற்றபடி அப்படியே வெள்ளையாக இருந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. அக்கா குழாயடியில் சிமெண்டுத் தளத்தின் மேல் பாதங்களை அகல விரித்து நின்று, சுண்ணாம்பைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் தண்ணீரை மூடவில்லை. விரல்களைப் பிரித்துப் பிரித்து அசைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று அதட்ட வேண்டிய அம்மா, வாசல்படியில் நின்று அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆணியிலிருந்து சப்பாத்தை எடுத்து நுனிக்குள் கை விட்டுப் பார்த்தேன். தாள் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. நாளைக்குப் புதுத் தாள் மடிக்க வேண்டும், எல்லாக் கஷ்டமும் எனக்குத்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.